மாலை இடிமழையை அறிந்துகொள்வோம்

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றதில் மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தனர். அம்மழை வங்கக் கடல் தாழமுக்கத்தால் வந்தது. அத்தகைய மழையைச் சில நாட்களுக்கு முன்பே கணிக்கலாம். கோடை இடிமழையோ சில மணித்தியாலங்களில் திரண்டு ஓய்ந்துவிடும்.

வெயிலில் தரை சூடேற, நண்பகலில் கடற்காற்று கரையேறுகிறது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அதனைச் சந்திக்கும்போது ஈரக்காற்று மேலெழுந்து கருமேகமாகிறது.

"கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என வானொலி சொன்னால், அது எந்த ஊரில் என்பதை வளிமண்டலவியல் திணைக்களத்தாலும் காலையிலேயே கூற முடியாது. எனவே மேற்கு வானத்தைக் கவனியுங்கள். வெண்மேகம் கோபுரமாய் உயர்ந்து அடிப்பகுதி கறுத்தால் ஆயத்தமாகுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவெனில் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் உள்ளது. உடனே வீட்டுக்குள் செல்லுங்கள். மரத்தடியும் வயல் வாடியும் பாதுகாப்பல்ல. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுத்திருங்கள்.

தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிகள், காயும் நெல் நனைந்துவிடுமே என்று இடியிலும் வெளியில் நிற்பதுண்டு. நனைந்த நெல்லை மறுநாள் காயவைக்கலாம். பிள்ளைகளுக்கு நீங்கள் வேண்டும். அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள்.