நாற்பதும் ஐம்பதும்

ஒரு வீட்டில் பையன் கணக்கில் கொஞ்சம் சூட்டிகையாக இருந்துவிட்டால் போதும், "ஆடிட்டருக்குப் படிக்கட்டுமே!" என்று யாராவது ஒரு மாமா சொல்லிவிடுவார். இப்போது பெண் குழந்தைகளைப் பற்றியும் அவ்வாறே சொல்லுகிறார்கள். அது சந்தோஷமான விஷயந்தான். ஆனால் யோசனை சொல்லுகிறவர்களுக்கு ஸி.ஏ. பரீட்சை இன்னதென்று தெரியுமா என்பதில் நமக்குச் சந்தேகம் உண்டு. தெரிந்திருந்தால், முடிவு வெளியாகும் தினத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு விதமாக இருக்கும்.

2024 மே மாதம் நடந்த இறுதிப் பரீட்சையில் இரண்டு பிரிவுகளையும் ஒருங்கே எழுதியவர்களில், நூற்றுக்கு இருபது பேர்கூடத் தேறவில்லை. மற்ற எண்பது பேரும் சோம்பேறிகளா? முந்திய படிகளை எல்லாம் தாண்டி, ஓர் ஆடிட்டரிடம் வருஷக் கணக்கில் ஊழியம் செய்து, அதன் பிறகே இந்தப் படிக்கு வந்தவர்கள் அவர்கள். அப்படியானால் இடறுவது எங்கே?

நம் பள்ளிக்கூடங்களில் முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி என்று பழகிவிட்டோம். இங்கே அந்தக் கணக்குச் செல்லாது. ஒரு பிரிவுக்கு மூன்று தாள்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு மார்க். ஒவ்வொரு தாளிலும் நாற்பதுக்குக் குறையக் கூடாது. மூன்றும் சேர்ந்து நூற்றைம்பதுக்கும் குறையக் கூடாது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஒருவன் 70, 68, 39 வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 177, ஆனாலும் அந்த ஒரு மார்க்கினால் தேறவில்லை. இன்னொருத்தி 48, 49, 50 வாங்குகிறாள். எதிலும் தாழவில்லை, மொத்தம் 147, அவளும் தேறவில்லை. வீட்டுக்கு வரும் செய்தி இருவருக்கும் ஒன்றே.

ஆனால் உள்ளே பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. தேறாத பிரிவிலும் ஒரு தாளில் அறுபது வாங்கியவருக்கு, அடுத்த மூன்று தடவை அந்தத் தாளை எழுதுவதிலிருந்து விலக்கு உண்டு. பழைய மார்க்கும் கூடவே வரும். ஆகவே அந்தப் பையன் ஒரே தாளில் நாற்பது வாங்கினால் கரையேறிவிடுவான். அந்தப் பெண்ணோ மூன்றையும் திரும்ப எழுதவேண்டும். இரண்டு பிரிவுகளையும் சேர்த்து எழுதுவதில் வேறொரு சௌகரியம் இருக்கிறது. எந்தத் தாளிலும் நாற்பதுக்குக் குறையாமல், அறுநூற்றுக்கு முந்நூறு வந்துவிட்டால், ஒரு பிரிவின் குறையை மற்றப் பிரிவின் மிகுதி ஈடுசெய்துவிடும். இதை நம்பித் துணிகிறவர்களும் உண்டு. பயந்து ஒவ்வொன்றாக எழுதுகிறவர்களும் உண்டு. எது மேல் என்று பொதுவாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை. அவரவர் தயாரிப்பைப் பொறுத்தது.

ஒன்று மட்டும் நிச்சயம். பிடித்த பாடத்தையே மெருகு போட்டுக்கொண்டிருப்பது இந்தப் பரீட்சையில் பெரிய ஆபத்து. எழுபதை எண்பதாக்குவதற்குச் செலவாகும் மாதத்தில் முப்பத்தெட்டை ஐம்பதாக்கிவிடலாம். பயப்படுகிற தாளைத்தான் காலையில் முதலில் கையில் எடுக்கவேண்டும்.

படிப்பு வேறு, எழுதுவது வேறு. கணக்கை வாசித்துப் புரிந்துகொண்டவர்களுக்கெல்லாம் அதை மூன்று மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வருவதில்லை. பட்டயக் கணக்காளர் கழகம் பழைய வினாக்களையும் அவற்றுக்குரிய மாதிரி விடைகளையும் தானே வெளியிடுகிறது. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு அவற்றைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். சட்டம் வேறு ஓயாமல் மாறுகிறது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்து பழைய மறைமுக வரிகள் பலவற்றை விழுங்கிவிட்டது. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் இடத்திற்கு 2025-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுத்துச் சிக்கனம் செய்வது மற்றப் படிப்புகளுக்குச் சரி, இங்கே உதவாது.

இவ்வளவும் ஆபீஸ் வேலைக்கு நடுவில்! ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சி முன்பு மூன்று வருஷம். 2023-இல் வந்த புதுத் திட்டத்தில் இரண்டு வருஷமாகக் குறைந்திருக்கிறது. கையில் வருவது சொற்ப உதவித் தொகை. மார்ச் கடைசியில் கிடங்குகளில் சரக்கு எண்ண வேண்டும். செப்டம்பரில் வரித் தணிக்கை. ரயிலில் நின்றுகொண்டே பாடம். ஆனாலும் இந்தப் பயிற்சியை வீண் என்று சொல்வதை நாம் ஒப்பமாட்டோம். ரசீதையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்துப் பழகிய கைக்குத்தான் தணிக்கைத் தாளில் வரும் கேள்வி உயிருள்ளதாகத் தெரியும்.

கஷ்டம் புதிதல்ல. 1-7-1949 அன்று, சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் நிறைவதற்குள், நமது தேசத்துக்கென்று இந்தக் கழகம் ஏற்பட்டது. அதற்கு முன்பே கணக்கியல் டிப்ளமா என்ற சர்க்கார் பரீட்சை இருந்தது. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார் கதர் விற்று, சட்ட மறுப்பில் ஈடுபட்டு, 1931-இல் ஒரு வருஷம் வேலூர் சிறையில் இருந்தார். வெளியே வந்து ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி பெற்று 1933-இல் அந்தப் பரீட்சையில் தேறினார். சிறை சென்றவர் இத்தொழில் செய்யக் கூடாது என்று அன்னிய சர்க்காரின் விதி குறுக்கே நின்றது. அவர் வழக்காடி வென்று, 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவரே. பின்னர் 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைமை வகித்தார். கணக்குப் பார்ப்பது ஆண்பிள்ளைகள் வேலை என்று இன்னும் எண்ணுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இந்தச் செய்தி பயன்படக்கூடும்.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. புதுத் திட்டப்படி பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழிந்த பிறகே இறுதிப் பரீட்சைக்கு உட்காரலாம். அந்த ஆறு மாதமும் சம்பாத்தியம் இல்லாமல் ஒரு வாலிபப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்வது எல்லாத் தகப்பனார்களுக்கும் சுலபமல்ல. "அடுத்த வீட்டுப் பையன் பெங்களூரில் சம்பாதிக்கிறான்" என்ற வார்த்தை சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை விழுந்தால், அன்று ராத்திரிப் படிப்பு அவ்வளவுதான். கல்யாணங்களுக்கு வரவில்லை என்று அத்தைமார் கோபித்துக்கொண்டால் தாயார்தான் சமாளிக்க வேண்டும்.

தேறாவிட்டாலும் உடனே செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது. விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெறக் கழகம் இடம் கொடுக்கிறது. முப்பத்தொன்பதில் நின்றவர்கள் அதை வாங்கி, எந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டோம், எங்கே வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினோம் என்று பார்ப்பது நல்லது. இறுதிப் பரீட்சையும் 2025 முதல் வருஷத்திற்கு மூன்று தடவை நடக்கத் தொடங்கியது. முன்போல ஆறு மாதம் காத்திராமல், அந்த வருஷம் மே மாதம் தவறியவர் செப்டம்பரிலேயே மறுபடி உட்கார முடிந்தது.