தானமாக வந்த பால் பவுடர் சங்கமானது எப்படி?

கடலூர் மாவட்டத்து விவசாயிகளுக்கு நிவாரணப் பொருள்கள் புதியவை அல்ல. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015 நவம்பர் வெள்ளத்தில் பெரியகாட்டுப்பாளையமும் விசூரும் பட்ட பாட்டை மறந்தவர் யார்? 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அரிசி, பாய், போர்வை, துணிமணிகள் லாரிகளில் வந்து இறங்கின. அன்றைக்கு அவை உயிர் காத்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அடுத்து வருகிற உதவி வேறு வகையானது. ஆடு, கறவை மாடு, விசைத் தெளிப்பான், ஒட்டுக் கன்று என்று, பிழைப்புக்கு வழி செய்யும் எண்ணத்தோடு தரப்படுவது. மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் இத்தகைய உதவி பெறாத ஊர் அரிது. மூன்று ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு வீட்டில் மாடு நிற்கிறது. நான்கு வீட்டில் கயிறு மட்டும் தொங்குகிறது. கொடுத்தவர் மனமும் நல்லது, வாங்கியவரும் சோம்பேறி அல்ல. பிறகு ஏன் இப்படி?

இதற்கு விடை காண, நம் நாட்டிலேயே மிகப் பெரிய தானம் ஒன்று என்ன ஆனது என்று பார்ப்பது நல்லது. 1960-களின் இறுதியில் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளில் பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் மலைபோல் தேங்கின. உலக உணவுத் திட்டத்தின் வழியாக அவற்றை இந்தியாவுக்குத் தானமாகத் தர அந்நாடுகள் முன்வந்தன. ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கரைத்து ஊற்றியிருக்கலாம். நகரங்களில் சல்லிசான விலைக்கு விற்றிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கிராமத்தில் மாடு வைத்திருப்பவனின் பாலை எந்த நகரத்தான் வாங்குவான்? தானம் தீர்ந்ததும் பவுடரும் இருக்காது, மாடும் இருந்திராது.

குஜராத்தின் ஆனந்த் நகரில் இருந்த டாக்டர் குரியனும் அவருடன் இருந்தவர்களும் இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தார்கள். அங்கே 1946-ல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் விவசாயிகள் தொடங்கிய கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் ஏற்கெனவே நன்கு வேரூன்றியிருந்தது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது, இலவசமாக வந்த பவுடரையும் எண்ணெயையும் பாலாக மாற்றி பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விலைக்கே விற்றார்கள். வந்த பணத்தைச் செலவழித்துவிடவில்லை. கிராமச் சங்கங்கள், குளிரூட்டும் நிலையங்கள், பால் லாரிகள், செயற்கைமுறைக் கருவூட்டல், தீவன ஆலைகள் ஆகியவற்றில் போட்டார்கள். முதல் கட்டத்தில் 18 பால் வள வட்டாரங்கள் அந்த நான்கு நகரங்களோடு இணைக்கப்பட்டன. 1981-85 இரண்டாம் கட்டத்தில் அது 136 ஆனது. 1996-ல் திட்டம் முடிந்தது. தானப் பவுடர் நின்றுவிட்டது, சங்கங்கள் நிற்கவில்லை. காலையில் நீங்கள் கேனோடு போய் நிற்கும் சங்கத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு.

இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. நிலமும் தண்ணீரும் உள்ளவனுக்குத்தான் கலப்பின மாடு கட்டுப்படியாகும், நிலமற்றவன் என்ன செய்வான் என்று கேட்டார்கள். மாடு தானமாகப் பெற்ற வீடுகளில் கயிறு மட்டும் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நல்ல கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ வைக்கோலும் வேண்டும். உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோவும் அடர்தீவனம் வேண்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் நம் பக்கத்தில் கூலிக் குடும்பங்களுக்குக் கொழுந்தாடை தாராளமாகக் கிடைக்கிறது. மாட்டை வாங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். வெட்டு முடிந்து கோடை வந்ததும் மாடு இளைக்கும், பால் வற்றும், சினை பிடிக்காது. வைத்திருந்தால் நஷ்டம் என்று வியாபாரிக்குப் போகும். ஆகவே மாடு தர வருகிற அன்பரிடம் முதலில் கேட்க வேண்டியது மாட்டை அல்ல, 10 சென்ட் தீவன நிலத்தை. சொந்த நிலம் இல்லாதவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து தண்ணீர் வசதியுள்ள நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க உதவும்படி கேட்கலாம். முன்பணத்தை அவர்கள் கொடுக்கட்டும்.

கம்பு நேப்பியர் கோ-4 ரகத்தின் இருபருக் கரணைகளை 60 செ.மீ. பார் பிடித்து, 50 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால் 10 சென்ட்டுக்கு 1,350 கரணைகள் போதும். முதல் அறுவடை 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தண்ணீரும் எருவும் தவறாமல் கொடுத்தால் ஒரு மாட்டின் தேவைக்கு மேலும் மிஞ்சும். புல் மட்டும் போதாது. வரப்பில் அகத்தியோ வேலிமசாலோ இருந்தால் புரதம் கிடைக்கும், அடர்தீவனச் செலவு குறையும். மாட்டைக் கன்று போடும் முன்பே வாங்கிவிட்டு, புல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தலைகீழ் வேலை. புல் முதல் அறுவடைக்கு வந்த பிறகே மாடு வாசலுக்கு வர வேண்டும். காப்பீடும் காது வில்லையும் மாடு வரும் அன்றே.

இனி, ஒருவருக்குக் கிடைத்ததை இன்னொருவருக்கு நகர்த்துவது. அமெரிக்காவில் 1944-ல் தொடங்கிய ஹைஃபர் என்ற அமைப்பு, கிடேரி பெற்ற குடும்பம் முதல் பெண் கன்றை வேறொரு ஏழைக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று விதி வைத்தது. தானம் பெற்றவரே தானம் தருபவராகிறார். ஆனால் இந்த விதியை மாட்டுக்கு அப்படியே வைக்க நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிறப்பது காளைக் கன்றாகவும் இருக்கலாம். கிடேரியே பிறந்தாலும் அது வளர்ந்து கன்று ஈன இரண்டரை ஆண்டு ஆகும். இரண்டாவது குடும்பம் அதுவரை பசும்பாலைக் கண்ணால்கூடப் பார்க்காது.

ஆட்டுக்கு இது மிகப் பொருந்தும். சினைக்காலம் ஐந்தே மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று, பல நேரம் இரட்டைக் குட்டி. நான்கு ஆடு பெற்றவர் இரண்டு ஆண்டுக்குள் நான்கு பெட்டைக் குட்டிகளைத் திருப்பித் தருவது கடினமே அல்ல. ஆட்டை வாரத்துக்கு விடுவது நம் ஊரில் பாட்டன் காலத்து வழக்கம்தானே! வாரத்தில் பங்கு ஆட்டுக்காரனுக்குப் போகிறது. இதில் அடுத்த ஏழைக்குப் போகிறது, அவ்வளவே வித்தியாசம்.

மாட்டுக்குப் பால் பணமே வழி. நாளொன்றுக்கு 7 லிட்டர் சங்கத்துக்கு ஊற்றுகிற வீட்டில் லிட்டருக்கு 2 ரூபாய் பிடித்தால் நாளுக்கு 14 ரூபாய். 270 நாள் கறவையில் 3,780 ரூபாய். பத்துக் குடும்பத்துக்கு 37,800. இரண்டு கறவைக் காலத்தில் 75,600 ரூபாய் சேரும். பதினொன்றாவது குடும்பத்துக்கு ஒரு மாடு வாங்கி, கரணைக்கும் காப்பீட்டுக்கும்கூட மிச்சம் இருக்கும். பிடித்தம் செய்த பணத்தை யாருடைய மடியிலும் வைக்க வேண்டாம். மகளிர் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கில் கிடக்கட்டும். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று எல்லாக் கிராமத்திலும் உள்ளன. கணக்கு எழுதப் பழகிய பெண்களும் இருக்கிறார்கள்.

தானே புயலுக்குப் பிறகு முந்திரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மாற்றாக ஒட்டுக் கன்றுகள் நடப்பட்டன. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 போன்ற ரகங்களின் ஒட்டு மூன்றாம் ஆண்டே காய்க்கத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே அடிச்செடியிலிருந்து துளிர் கிளம்பும். அதை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். கிள்ளாமல் விட்டால் மேலே உள்ள ஒட்டு நலிந்து, கீழே உள்ள நாட்டுச் செடி மரமாகிவிடும். ஐந்து ஆண்டு காத்திருந்து, நாட்டு முந்திரிக்குச் சொந்தக்காரர் ஆவதற்கு ஒட்டுக் கன்று எதற்கு? முதல் இரண்டு கோடைக்கு உயிர்த்தண்ணீரும் வேண்டும். கன்று வழங்கும் விழாவில் புகைப்படம் எடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள், துளிர் கிள்ளிக் காட்ட ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கன்று வாங்குகிறவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இயந்திரங்களுக்கு ஒரே வார்த்தை: வாடகை. பொதுவில் கிடைத்த விசைத் தெளிப்பானோ களையெடுக்கும் கருவியோ இலவசமாக ஓடினால் முதல் பழுதோடு மூலைக்குப் போகும். வெளி வாடகையில் பாதியாவது உறுப்பினரிடம் வாங்கி, பழுதுக்கென்று தனியே வைக்க வேண்டும்.

சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரைக்கு இழந்ததைவிட அதிகமாக, தரம் குறைந்த படகுகளும் வந்து சேர்ந்தன. பட்டியல் எழுதியவர்கள் மீனவரைக் கேட்காமல் எழுதினார்கள். உங்கள் ஊருக்கு உதவி வரப்போகிறது என்று தெரிந்தால், வருமுன் ஊரில் கூடி, எந்தக் குடும்பத்துக்கு எது பொருந்தும், தீவனத்துக்கு எந்த நிலம், பிடித்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்டியலை அவர்கள் கொண்டுவர விடாமல் நீங்கள் கொடுங்கள்.

தீவனக் கரணைகள் கிடைக்கும் இடம் பற்றி அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். பலா ஒட்டுக் கன்றுக்கும் காய்கறி விதைக்கும் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் மேல்பட்டாம்பாக்கத்தாருக்குக் கூப்பிடு தூரம்தான். போகும்போது நிலத்து மண் மாதிரி அரைக் கிலோவும் எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்கு எங்கே தருவது என்று சொல்வார்கள்.