கேட்டதா, கேட்கவில்லையா?

கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு நடப்பவர்களைக் கண்டால் நமக்கு இன்றும் ஒருவித பயபக்தி உண்டாகிறது. நம் உடம்பின் இரகசியங்களையெல்லாம் அந்தக் குழாய் அவர்களிடம் ஒப்பித்துவிடுவதாக எண்ணுகிறோம். ஒன்றும் காதில் விழாமலே தலையை ஆட்டுகிறவர்களும் அவர்களுள் உண்டென்பது சென்ற விடுமுறையில்தான் நமக்குத் தெரிய வந்தது.

தெரிவித்தவள், நம்மிடம் பௌதிகம் பயின்று, இப்போது வைத்தியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும் பெண். ஊருக்கு வந்தவள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஸார், நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாள் இருந்தாளாம். இளம் வயதில் கண்ட ருமாட்டிக் ஜுரத்தினால் இருதயத்தின் இடப்புறத்து வால்வு சுருங்கிப் போனவள். இத்தகையவர்களின் மார்பில், 'லப்-டப்' என்னும் வழக்கமான ஓசைகளுடன், தூரத்து இடியைப் போன்ற ஓர் அடங்கிய உறுமலும் கேட்கும். மாணவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டார்கள். "கேட்டதா?" என்றார் ஆசிரியர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், இவளும் ஆட்டினாள். உண்மையில் காதில் பஞ்சை அடைத்தாற்போன்ற நிசப்தம்தான் இவளுக்குக் கிட்டியது. மற்றவர்கள் நகர்ந்ததும் அந்த அம்மாள், "உள்ளே என்னம்மா கேட்கிறது?" என்று இவளையே வினவினாளாம். பதில் சொல்ல நா எழவில்லை.

"என் காதிலேதான் கோளாறோ, ஸார்? படிப்பையே விட்டுவிடலாமா என்றிருக்கிறது" என்று கண் கலங்கினாள்.

நாம் வைத்தியர் அல்லோம்; ஆயினும் ஒலி நூலை இருபது வருஷமாகப் போதித்து வருகிறோம். கருவியை மாட்டிக் காட்டச் சொன்னோம். குற்றம் காதில் இல்லை. காதின் துவாரம் நேராக உள்ளே செல்வதில்லை. சற்று முன்புறமாக, மூக்கை நோக்கிச் சாய்ந்து செல்கிறது. காதில் செருகும் முனைகள் வளைந்திருப்பதும் அதற்காகவே. அவை மூக்கை நோக்க வேண்டும். இவளோ பின்புறமாகத் திருப்பி மாட்டியிருந்தாள். முனையின் வாயைக் காதின் சுவரே அடைத்துக்கொண்டது. போதாததற்கு, உலோகக் கைகள் இரண்டும் தளர்ந்திருந்தன. அவற்றை நெருக்கிப் பிடித்து அழுத்தினோம். இறுகி வலித்தால் அகற்றி இழுக்க வேண்டும். அடித்தலையைத் திருகினால் ஒரு பக்கம் திறந்து மறு பக்கம் மூடும்; விரலால் மெல்லத் தட்டினால் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது விளங்கிவிடும். எல்லாவற்றையும் சரிசெய்து, தன் இருதயத்தையே கேட்டாள். முகம் மலர்ந்தது.

கேட்கவில்லை என்பதில் வெட்கமென்ன? அந்தக் குறையிலிருந்தல்லவா இக்கருவியே பிறந்தது! 1816-இல் பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில் ரெனே லேனெக் என்னும் வைத்தியர், இருதய நோய் கொண்ட ஓர் இளம் பெண்ணைப் பரிசோதிக்க நேர்ந்தது. ஸ்தூல சரீரமாதலால் விரலால் தட்டிப் பார்த்துப் பயனில்லை. மார்பில் காதை வைத்துக் கேட்க மரியாதை இடந்தரவில்லை. மரத்துண்டின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறு முனையில் தெளிவாகக் கேட்பது அவருக்கு நினைவு வந்தது. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்தார். வெறுங்காதினும் தெளிவாக இருதயம் பேசிற்று. பிறகு மரத்தில் குழாய் கடைந்தார்; கேட்டதையெல்லாம் 1819-இல் நூலாக வெளியிட்டார். பிறர் மார்பில் எந்த க்ஷயரோகத்தைக் கேட்டறிந்தாரோ, அதற்கே 1826-இல், தமது நாற்பத்தைந்தாம் வயதில் இரையானார்.

"சரி ஸார், அந்த உறுமல்?" என்றாள்.

அதற்கு விடை மிருதங்கத்தில் இருக்கிறது. தோலை இறுக்கினால் சுருதி ஏறும். தாழ்ந்த நாதம் மறையும். சவ்வு வைத்த தட்டையான பக்கம் உயர்ந்த ஓசைகளுக்கானது. அதை நன்றாக அழுத்தலாம். மணி போன்ற குழிந்த பக்கம் தாழ்ந்த ஓசைகளுக்கானது. இடைவெளி விழாமல் உடம்பைத் தொட்டாற்போதும். பலமாக அழுத்தினால் நோயாளியின் தோலே மிருதங்கத் தோலாக இறுகி, உறுமலை விழுங்கிவிடும்.

"புத்தகத்தில் படித்ததுதான், ஸார். பயத்தில் அழுத்தோ அழுத்தென்று அழுத்திவிட்டேன்" என்று சிரித்தாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஆசிரியரிடம், "அன்று எனக்குக் கேட்கவில்லை" என்று ஒப்புக்கொண்டாளாம். அவர் கோபிக்கவில்லை. அந்த அம்மாளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் செய்தார். இவள் கருவியின் தலையை உள்ளங்கையில் சூடாக்கி, மெல்ல வைத்தாள். கேட்டது! பின்னால் நின்ற இரண்டு மாணவர்கள், "எங்களுக்கும் அன்று கேட்கவில்லை" என்றார்களாம். அந்த அம்மாளின் கேள்விக்கும் அன்றுதான் பதில் கிடைத்தது.

கடிதத்தை மடித்து வைத்தபோது நம் வகுப்பு நினைவுக்கு வந்தது. "புரிந்ததா?" என்று தினந்தோறும் கேட்கிறோம், நாற்பது தலைகள் ஆடுகின்றன. மறுநாள் கேள்வியை மாற்றி, "யாருக்குப் புரியவில்லை?" என்றோம். வெகு நேரம் கழித்துக் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. அன்றைய பாடத்தை அங்கிருந்து தொடங்கினோம்.