மூச்சைக் கவனிக்கச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி

ஃபூக்கோவைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து சிறுபத்திரிகைகளில் உடல் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வலிக்கிற உடம்பை என்ன செய்வது என்ற பேச்சு குறைவு. அதைக் கேட்டவர் வில்ஹெல்ம் ரைஹ். வியன்னாவின் இலவச உளச்சிகிச்சை நிலையத்தில் ஏழைகளைப் பார்த்தவர். இறுகிய தாடை, தூக்கிய தோள், பாதியில் நிற்கும் மூச்சு, இவை அடக்குமுறை உடம்பில் பூட்டிய கவசம் என்றார். மார்க்சையும் ஃப்ராய்டையும் சேர்த்துப் படித்ததற்குப் பரிசாக 1933-இல் கம்யூனிஸ்டுகளும், 1934-இல் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கமும் அவரை வெளியேற்றின.

ரைஹ் கவசத்தை உடைக்கப் பார்த்தார். 1970-களில் அமெரிக்கரான ரான் கர்ட்ஸ் உருவாக்கிய 'ஹகோமி' முறை அதற்குக் கைகொடுக்கிறது. பௌத்தத்திலிருந்து எடுத்த விழிப்பான கவனம்தான் இதன் கருவி. வந்தவர் கண்மூடித் தன் உடம்பைக் கவனிக்கிறார். சிகிச்சையாளர் ஒரு சின்ன வாக்கியம் சொல்கிறார்: "இங்கே உங்களுக்குப் பயமில்லை." உடனே தோள் தூக்கிக்கொள்ளலாம். ஏன் என்று அவர் கேட்பதில்லை. வந்தவர் சம்மதித்தால், அந்தத் தோளைத் தன் கையால் தாங்குகிறார். சுமையை இன்னொருவர் வாங்கிக்கொண்டதும் தசை தளர்கிறது. பழைய நினைவோ அழுகையோ மேலே வருகிறது. அதற்குப் பொருள் சொல்வது வந்தவர் பாடு. இந்த ஜனநாயகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சிக்கல் அந்த வாக்கியத்தில்தான். பயம் பழையது, இப்போது ஆபத்தில்லை என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. நான் இருக்கும் தண்டையார்பேட்டையில் ஒருவர் "நெஞ்சு அடைக்குது" என்றால் அது மனக்கஷ்டமா, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களிடம் போய் மூச்சைக் கவனி என்று சொல்லிப் பாருங்கள். "அத்தத்தான பாத்துனுகீறோம்" என்பார்கள். அந்த உடம்பின் இறுக்கத்துக்கு நிகழ்காலத்திலேயே காரணம் இருக்கிறது.

ஆபத்து ஓயாத இடத்தில் இந்தச் சிகிச்சைக்கு வேலையே இல்லையா? யாழ்ப்பாணம் இருக்கிறது என்கிறது. போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மனத்துயரம் உடம்பு வலியாக வந்து நிற்பதைக் கண்டார். சாந்தி ஆசனம், மூச்சைக் கவனித்தல், அவரவர் மதப்படி ஜெபம், திக்ர், செபமாலை என்று ஜனங்கள் அறிந்த வழிகளையே சிகிச்சையில் சேர்த்தார். அதோடு விடவில்லை. போர் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது, ஊர் மட்டத்திலும் வைத்தியம் வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார்.

தோளைத் தாங்கும் கை நமக்கும் வேண்டும். ஆனால் அது கதவைச் சாத்திய அறைக்குள், காசு கொடுத்தவருக்கு மட்டும் நீளும் கையாக இருந்தால் போதாது. எண்ணூரில் குழாயை எதிர்த்து மனு எழுதுகிறவர்களே, "ராத்திரி தூக்கம் வருதா?" என்றும் விசாரிக்க வேண்டும். தூக்கம் வர ஆசனம் சொல்லித்தருகிறவர்கள் அந்த மனுவில் கையெழுத்துப் போடவேண்டும்.