ஒரு கிலோ லேப்டாப், ஒன்பது பின் கேபிள்

ஆரணி என்றால் பட்டுச்சேலை நெய்கிற ஊரா என்று கேட்பார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கும் புதுவாயலுக்கும் நடுவே, ஆரணி ஆற்றை ஒட்டிய சின்னப் பேரூராட்சி. காலை ஏழரைக்கு ஸ்கூட்டரை எடுத்தால் புதுவாயலில் நெடுஞ்சாலை ஏறி, கவரைப்பேட்டை தாண்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய்விடுவேன். ஆலை இயந்திரங்களை ஓட்டுகிற பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சரிபார்ப்பதும், அவற்றின் புரோகிராமைத் திருத்துவதும் என் தொழில். பதினாறு வருடமாகத் தனியாகச் செய்கிறேன். எனக்கு ஒர்க் ஷாப் கிடையாது. என் பட்டறை முழுவதும் ஒரு தோள்பைக்குள் இருக்கிறது.

2022 தொடக்கத்தில் வலது தோளில் வலி வந்தது. ஒருநாள் கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போது பையைத் தராசில் வைக்கச் சொன்னேன். ஐந்து கிலோ நானூறு காட்டியது. கடைக்கார அம்மா, “இதையா தினமும் தூக்கினு போற?” என்று கேட்டார். பழைய லேப்டாப் இரண்டரை கிலோ, அதன் சார்ஜர் முக்கால் கிலோ, மிச்சம் மீட்டரும் வயர்களும். அந்த மாதமே ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து, மெலிந்த உயர்ரக பிசினஸ் லேப்டாப் ஒன்று வாங்கினேன். எடை 1.1 கிலோ. என் வருமானத்துக்கு அது பெரிய தொகை. அது எதற்கு உதவியது, எங்கே கைவிட்டது என்று எங்கள் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள்.

வீட்டு லேப்டாப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேகம் என்று நினைப்பது தவறு. அதே செயலி பாதி விலை லேப்டாப்பிலும் கிடைக்கும். கூடுதல் பணம் உடம்புக்கும் சேவைக்கும் போகிறது. மூடியிலும் அடிப்பாகத்திலும் கார்பன் இழை அல்லது மெக்னீசியம் கலவை. பகல் வெளிச்சத்திலும் நம் முகம் பிரதிபலிக்காத, பளபளப்பில்லாத திரை. மணிக்கணக்கில் தட்டினாலும் விரல் நோகாத விசைகள். கேமராவை மூட ஒரு தகடு. என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது மூன்று வருட ஆன்சைட் வாரண்டி: பழுது என்றால் ஆள் நம் இடத்துக்கு வர வேண்டும். அந்த வாரண்டி எல்லா மாடலிலும் தானாக வராது, இல்லையென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நம் பின்கோடுக்கு ஆள் வருவாரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குச் சொல்கிற வாக்கு ஆரணிக்கும் பொருந்தும் என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு தடவை ஆறு நாள் காத்திருந்தேன்.

இந்த வகை லேப்டாப்பின் கதையை ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேடிலிருந்து சொல்லலாம். 1992இல் வந்த 700சி மாதிரி ஏறக்குறைய 3 கிலோ. ஜப்பானில் யமாட்டோ ஆய்வகத்தில் உருவானது. விசைகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் குமிழ். அதை விரலால் தள்ளினால் திரையில் அம்பு நகரும். கிரீஸ் கையோடு வேலை செய்கிற எனக்கு அந்தக் குமிழின் அருமை தெரியும். தொடுபலகையில் எண்ணெய் பட்டால் அம்பு தாவும், குமிழ் தாவாது. 2005இல் ஐ.பி.எம்.மின் தனிக்கணினிப் பிரிவை லெனோவோ வாங்கியது. 2012இல் வந்த எக்ஸ்1 கார்பன் 1.36 கிலோ. 2025 மாதிரி ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. இவையெல்லாம் எங்கோ செய்யப்படுகிறவை என்றும் எண்ண வேண்டாம். டெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை உண்டு. எச்.பி. தன் எலைட்புக் வரிசையை அங்கேயே ஃப்ளெக்ஸ் ஆலையில் செய்வதாக 2021 டிசம்பரில் அறிவித்தது. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போய்ச் செய்கிற பொருள் இது.

என் லேப்டாப் தந்த சுகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பை மூன்று கிலோ சொச்சத்துக்கு வந்தது. இரண்டு மாதத்தில் தோள்வலி குறைந்தது. யூ.எஸ்.பி.-சி சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும். காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால் மாலை நான்கு வரை பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்லை. பி.எல்.சி. இருக்கிற பேனல் அறையில் பிளக் பாயிண்ட் தேடியே அரைமணி நேரம் வீணடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஏணியில் நின்றுகொண்டு இடது உள்ளங்கையில் லேப்டாப்பை ஏந்தி வலது கையால் தட்ட முடிந்தது. பழையதை அப்படித் தூக்க முடியாது.

முதல் இடி ஒன்பது பின் கேபிளில் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரோலிங் மில்களில் இன்னும் இருபது வருடத்துப் பி.எல்.சி.க்கள் ஓடுகின்றன. அவற்றோடு பேச ஒன்பது பின் கொண்ட பழைய சீரியல் கேபிள் வேண்டும். புதிய கருவிகளுக்கு லேன் கேபிள் வேண்டும். மெலிந்த லேப்டாப்பில் இரண்டுக்கும் துளை இல்லை. லேன் துளையின் உயரத்துக்கு அந்த மெலிந்த உடம்பில் இடம் போதாது, எங்கே வைப்பார்கள்? அடாப்டர் மாட்டினேன். மலிவான அடாப்டரில் போலிச் சில்லு இருந்தால் விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளே அது செத்துவிடலாம். ஒரு மில்லில் இரவு பதினொன்றுக்கு லைன் நின்றிருக்க, சூப்பர்வைசர், “என்னாச்சு மேடம்?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்க, என் கையில் உயிரில்லாத அடாப்டர். அன்றிலிருந்து நல்ல அடாப்டர் இரண்டு வைத்திருக்கிறேன். குறைந்த எடையில் கொஞ்சம் அப்படித் திரும்பி வந்துவிட்டது.

வெயிலும் தூசியும் அடுத்தது. மெலிந்த உடம்பில் விசிறியும் சின்னது. சூடு ஏறினால் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மே மாதத்தில் ஃபர்னஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் அது தெரியும். மில்லில் பறக்கிற இரும்புச் செதில் தூசி கரண்டைக் கடத்தும், அடிப்பக்கத் துளை வழியாக உள்ளே போகும். அதனால் ஒரு பலகைத் துண்டை எப்போதும் கூடவே கொண்டு போகிறேன், தரையில் வைப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் எந்நேரமும் முழு சார்ஜும் ஆகாது. 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதி பெரும்பாலும் லேப்டாப்பிலேயே இருக்கும், போட்டுவிடுங்கள். ‘ராணுவத் தரச் சோதனை’ என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற சோதனை முறை. விழுதல், அதிர்வு, தூசி, ஈரம் என்று அதில் பல உண்டு. எதைச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். அதைக் காட்டி, விழுந்து உடைந்த திரைக்கு வாரண்டி கேட்க முடியாது.

இவற்றையெல்லாம் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது ரேம். வாங்கும்போது 16 ஜி.பி. எடுக்கப் பதினான்காயிரம் கூடுதலாகக் கேட்டார்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று 8 ஜி.பி.யோடு நின்றேன். இரண்டு வருடத்தில் ஒரு புதிய பி.எல்.சி. மென்பொருள் வந்தது, 16 இல்லாமல் தவழ்ந்தது. பொன்னேரியில் லோக்கல் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைத் தம்பி ஐந்து திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினான். “பாருங்க அக்கா, ஸ்லாட்டே இல்ல. போர்டுலயே பத்த வெச்சிருக்கான்.” கறுப்பாக நான்கு சில்லுகள், மதர்போர்டின் சதையாகவே இருந்தன. அவற்றை மாற்ற வேண்டுமானால் போர்டையே மாற்ற வேண்டும். அவன் சொன்ன விலை லேப்டாப் விலையில் பாதி.

கம்பெனிகள் சொல்கிற காரணம் பொய்யில்லை. செயலிக்கும் ரேமுக்கும் நடுவே தூரம் குறைந்தால் வேகம் கூடும், கரண்ட் மிஞ்சும், ஸ்லாட்டின் உயரமும் மிச்சம். 2008இல் ஆப்பிளின் மேக்புக் ஏர் வந்தபோதே ரேம் போர்டோடுதான் இருந்தது. ஆனால் அந்த மெலிவுக்கான விலையை, மூன்றாம் வருடத்தில் நாம் கொடுக்கிறோம். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு சில்லைக் கூட்ட எனக்கு வழி இல்லை என்பதை இன்றும் என் மனம் ஏற்கவில்லை. கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய ரேம் பலகை 2024இல் ஒரு சில மாடல்களில் வந்துவிட்டது. அப்படியென்றால் முடியாத காரியம் இல்லை.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. தினமும் தூக்குகிறவர், பேச்சும் எழுத்தும் கணக்கும் தொழிலாக உள்ளவர் ஒரு கிலோ லேப்டாப் வாங்கலாம், ஆனால் ரேமை முதல் நாளே இரட்டிப்பாக எடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் 18 சதவீதம் உள்ளீட்டு வரவாகக் கழியும், பில்லில் உங்கள் எண் இருக்க வேண்டும். என் மாதிரி பேனல் திறக்கிறவர்கள் முந்நூறு கிராம் கூடுதலாகத் தூக்கினாலும் பரவாயில்லை, லேன் துளையும் ரேம் ஸ்லாட்டும் உள்ள மாடலைப் பார்க்கலாம். திங்க்பேட் டி14இல் லேன் துளை உண்டு. வாங்குகிற வருடத்து மாடலில் ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், வருடத்துக்கு வருடம் மாற்றுகிறார்கள்.

புதிது வாங்க முடியாதவருக்கு, பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடுகிற பழைய பிசினஸ் லேப்டாப்புகள் உண்டு. போன மாதம் கவரைப்பேட்டையிலிருந்து என்னிடம் வேலை கற்க வருகிற பையனை அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை முதலிலேயே தள்ளிவைத்தோம்; அவை விண்டோஸ் 11 ஏற்காதவை, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. முதலில் எடுத்தது அழகாக இருந்தது, ஆனால் ஆன் செய்து எஃப்1 அழுத்தியதும் பயாஸ் கடவுச்சொல் கேட்டது. பழைய கம்பெனியின் பூட்டு அது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். இரண்டாவதில் பூட்டு இல்லை. பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தோம், புதிதில் இருந்த கொள்ளளவில் எழுபத்தெட்டு சதவீதம் மிச்சம். கடைத் தம்பியைத் திருகு கழற்றச் சொன்னேன்.

“அக்கா, ஒரு ஸ்லாட் காலியா இருக்கு” என்றான் பையன். அதே கடையில் 8 ஜி.பி. ரேம் ஒன்று வாங்கி, அவனையே மாட்டச் சொன்னேன். லேப்டாப் ஒரு கிலோ அறுநூறு இருக்கும். பொன்னேரி வரை மடியை விட்டு அதை இறக்கவே இல்லை அவன்.