களையை அடக்கும் நெல்வேர்: நிரூபிப்பது எப்படி?

ஒரு செடி வேர் வழியாகவும் உதிர்ந்த இலை வழியாகவும் வெளிவிடும் வேதிப்பொருள்கள் பக்கத்துச் செடியின் முளைப்பையும் வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1937-இல் இதற்கு ‘அல்லெலோபதி’ என்று பெயரிட்டார். ஆனால், மரத்தடியில் புல் முளைக்கவில்லை என்பதாலேயே மரம் நஞ்சு கக்குகிறது என்று முடிவுகட்டக் கூடாது. நிழல் விழுந்திருக்கலாம், வேர்கள் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம், ஆடு மேய்ந்திருக்கலாம். இவற்றையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதை மட்டுமே வேதிப்பொருளின் கணக்கில் எழுதலாம்.

இந்தக் கழித்தலைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியா காட்டியது. அங்கே சால்வியா புதர்களைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லில்லாத வெற்றுநிலம் கிடக்கும். புதரிலிருந்து ஆவியாகும் வாசனைப் பொருள்களே காரணம் என்று கொர்னீலியஸ் முல்லரும் சக ஆய்வாளர்களும் 1964-இல் எழுதினார்கள். ஆய்வகத்தில் அந்த ஆவி நாற்றுகளின் வளர்ச்சியை ஒடுக்கவும் செய்தது. 1970-இல் புரூஸ் பார்த்தலோமியூ அதே வெற்றுநிலத்தில் கம்பிவலை அடித்து, எலியும் முயலும் நுழையாமல் தடுத்தார். வலைக்குள் செடிகள் தழைத்தன. புதருக்குள் பதுங்கி வாழும் சிறு விலங்குகளின் மேய்ச்சல்தான் பெரும் காரணம் என்று அவர் வாதிட்டார்.

அப்படியானால் எல்லாமே போட்டியும் மேய்ச்சலும்தானா? இல்லை என்று உறுதியாகச் சொல்ல நெல் இருக்கிறது. நெல்லின் வேர் மோமிலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது. அதை உருவாக்கத் தேவையான மரபணுக்களைச் செயலிழக்கச் செய்த நெற்செடிகளை ஆய்வாளர்கள் குதிரைவாலிக் களையோடு சேர்த்து வளர்த்தார்கள். களையை அடக்கும் திறனை அச்செடிகள் இழந்திருந்தன. 2012-இல் வெளியான இந்த முடிவில் நிழலையோ நீர்ப்போட்டியையோ காரணம் காட்ட இடமில்லை. மரபணு மாற்றாத செடியும் மாற்றிய செடியும் நெல்தான், வேறுபாடு அந்த ஒரு பொருளில்தான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இத்தகைய பொருள்களைச் சிதைத்துவிடுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் உயிருள்ள வேர் ஒரு முறை ஊற்றிவிட்டு ஓய்வதில்லை. சிதையச் சிதைய மேலும் கசியவிடுகிறது.

தைல மரம் குறித்து நம் ஊர்களில் எழும் வாதங்களுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும். தைல இலைச்சாற்றை ஊற்றினால் விதை முளைப்பது குறையலாம். தோப்பில் அதே விளைவு சாற்றால் வந்ததா, மரம் குடித்த நீரால் வந்ததா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. காரணம் தவறினால் தீர்வும் தவறும். நீர்ப்பற்றாக்குறைக்கு இலைச்சருகை அகற்றிப் பயனில்லை. களைக்கொல்லிச் செலவைக் குறைக்கும் நெல் ரகங்களைத் தேடுவதற்கும் வயல்மண்ணில் தேறிய சான்றே அடித்தளமாக வேண்டும்.