பழைய லேப்டாப்புக்குப் புது டிஸ்க்: இதெல்லாம் தெரியுமா?

பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை வெளியே எடுங்கள்! பெரும்பாலும் திரை நன்றாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் உயிரை விட்டிருக்கும். அதை மாற்றி, அந்தக் காலத்து விண்டோஸையே மறுபடி போட்டால் எழுந்து ஓடும். ஆனால் ஒவ்வொரு பழைய ஓஎஸ்ஸும் தன் காலத்து டிஸ்க்கை நம்பி எழுதப்பட்டது. அந்த நம்பிக்கைகள் என்னென்ன என்று தெரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது!

கேமரா கார்டே ஹார்ட் டிஸ்க் ஆகும், தெரியுமா?

1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு ஐடிஇ டிஸ்க் பேசும் பாஷை பிறவியிலேயே தெரியும். பழைய லேப்டாப்பின் 44 முள் இணைப்பில் அதைச் செருக ஒரு சின்ன அடாப்டர் போதும். அந்த அடாப்டரில் பாஷை மாற்றும் சிப் எதுவும் தேவையில்லை, வெறும் கம்பித் தடங்கள்தான்! டாஸும் விண்டோஸ் 98-உம் சத்தமே இல்லாமல் ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி போடுவதென்றால் மட்டும், தன்னை நிலையான டிஸ்க் என்று சொல்லிக்கொள்ளும் தொழிற்சாலை ரகக் கார்டாக வாங்குங்கள்.

இரண்டு கணக்கு மோதியதில் பிறந்த எல்லை, தெரியுமா?

டிஸ்க்கில் ஓர் இடத்தைக் குறிக்க, லேப்டாப்பை எழுப்பும் பயாஸ் 1024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டர் வரை எண்ணும். ஐடிஇ 65,536 சிலிண்டர், 16 ஹெட், 255 செக்டர் வரை எண்ணும். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே பெரிய கணக்கு. சேர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொன்றிலும் சிறியதே நிற்கும்: 1024, 16, 63. பெருக்கி, செக்டருக்கு 512 பைட் போட்டால் 52,84,82,304 பைட். 1990-களின் தொடக்கத்து லேப்டாப்புகள் 528 எம்பியைத் தாண்டத் திணறியது இதனால்தான்!

80 ஜிபி டிஸ்க் 10 ஜிபியாகச் சுருங்கும், தெரியுமா?

டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க் நிரல் 64 ஜிபிக்கு மேல் எண்ணாது. தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 80 ஜிபி டிஸ்க்கைக் கொடுத்தால் சுமார் 10 ஜிபிதான் காட்டும். டிஸ்க் பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள்! மைக்ரோசாஃப்ட் பிறகு வெளியிட்ட திருத்திய எஃப்டிஸ்க் போட்டால் முழு அளவும் வந்துவிடும்.

137 ஜிபியில் ஒரு மதில்சுவர், தெரியுமா?

2001-இல் வந்த முதல் எக்ஸ்பி, செக்டர்களுக்கு முகவரி போட 28 பிட்டையே நம்பியது. 28 பிட்டில் 26,84,35,456 செக்டர். அதாவது 137 ஜிபி. அதற்கு மேலே உள்ள இடம் அதன் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் 98-இல் இன்னும் ஆபத்து: எல்லைக்கு அப்பால் எழுதப்போவது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்து, இருக்கும் ஃபைல்களை அழித்துவிடும்! எக்ஸ்பிக்கு 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1 இந்தச் சுவரை உடைத்தது. ஆகவே சர்வீஸ் பேக் 2 அல்லது 3 சேர்ந்த சிடியையே எடுங்கள். 98 போடுபவர்கள், சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வாங்கினால் 120 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீலத்திரைக்குக் காரணம் பயாஸில் ஒரே ஒரு வரி, தெரியுமா?

சாட்டா டிஸ்க்கோடு பேசும் ஏஹெச்சிஐ முறை எக்ஸ்பி சிடிக்குத் தெரியாது. சாட்டா டிஸ்க் போட்ட லேப்டாப்பில் இன்ஸ்டால் தொடங்கினால், டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும். அல்லது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கலாம், ஆனால் அதை ஃபிளாப்பியில்தான் கேட்கும்! ஃபிளாப்பியே இல்லாத லேப்டாப்பில் என்ன செய்வது? பயாஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், என்லைட் என்ற நிரல் கொண்டு டிரைவரைச் சிடிக்குள்ளேயே சேர்த்துவிடலாம்.

63 என்ற எண் எஸ்எஸ்டியை இழுத்துப் பிடிக்கும், தெரியுமா?

எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் தொடங்கும். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256. இது 4,096-ஆல் மீதியின்றி வகுபடாது! எஸ்எஸ்டி இடம் ஒதுக்குவதோ 4,096-இன் மடங்குகளில். ஒரு மூட்டை நெல்லை இரண்டு குதிர்களில் பாதிப் பாதியாகக் கொட்டுவதுபோல, 4 கேபி எழுதவும் இரண்டு இடங்களைத் தொட வேண்டியிருக்கும். வேகம் குறையும், தேய்மானம் கூடும். வழி எளிது. விண்டோஸ் 7 அல்லது லினக்ஸ் கொண்டு 2,048-ஆவது செக்டரில் பார்ட்டிஷனை முதலிலேயே போட்டுவிடுங்கள். எக்ஸ்பி மறுபேச்சின்றி அதில் ஏறிக்கொள்ளும். அழித்த ஃபைலின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையும் எக்ஸ்பிக்குத் தெரியாது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்குத்தான் தெரியும். அதனால் எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடத்தை எந்தப் பார்ட்டிஷனிலும் சேர்க்காமல் விட்டுவையுங்கள்.

விண்டோஸ் 7-க்கே வயதாகிவிட்டது, தெரியுமா?

2015-இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் பிராசஸர் தலைமுறை, பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரைக் கைவிட்டது. அந்தப் பழையதை மட்டுமே அறிந்த விண்டோஸ் 7 பென்டிரைவிலிருந்து பூட் ஆகும். உள்ளே போனதும் யுஎஸ்பி மவுஸ் செத்துவிடும், பென்டிரைவும் காணாமல் போகும்! என்விஎம்இ எஸ்எஸ்டியும் அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் டிரைவர்களை முன்கூட்டியே சேர்த்த பென்டிரைவ் வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு?

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், பேஜ்மேக்கரில் கட்டிய மலர்கள், பழைய வரவுசெலவுக் கணக்குகள் எல்லாம் அவை பிறந்த ஓஎஸ்ஸில்தான் அச்சு அசலாகத் திறக்கும். அதற்காகவே இந்த லேப்டாப் உயிரோடு இருக்க வேண்டும். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டது, இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். பழைய டிஸ்க்கையும் வீசிவிடாதீர்கள்! லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ, நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, பிறகு கெட்ட பகுதிகளுக்குத் திரும்பி வந்து முயலும். அந்த நகல் கைக்கு வந்த பிறகு புது டிஸ்க்கில் ஓஎஸ் போடத் தொடங்குங்கள்.